நார்ட்ஸ்ட்ராம்: ஒரு காலணிக் கடைக் குடும்பத்தின் நூற்றாண்டுக் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் உயர்தர டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் எனக்கு மிகவும் பிடித்த கதை நார்ட்ஸ்ட்ராமுடையது. 1901-ல் சியாட்டில் நகரில் ஒரு சின்னக் காலணிக் கடையாகத் தொடங்கி, நான்கு தலைமுறை தாண்டியும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பத் தொழில் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கடையின் பெயரும் வரும். கூடவே சில கேள்விகளும் வரும். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

இந்தக் கடையைத் தொடங்கியது யார்?

ஜான் நார்ட்ஸ்ட்ராம். 1871-ல் வடக்கு ஸ்வீடனில், லூலியோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1887-ல், பதினாறு வயதில், கையில் ஐந்து டாலரோடு நியூயார்க்கில் வந்து இறங்கினார். ஆங்கிலம் தெரியாது. அடுத்த பத்து வருடம் சுரங்கத்திலும் மரம் வெட்டும் முகாம்களிலும் கூலி வேலை. கிடைத்த வேலையைச் செய்துகொண்டே அமெரிக்காவின் மேற்குக் கரை வரை வந்து சேர்ந்தார்.

1897-ல் கனடாவின் வடமேற்குக் கோடியில், குளோண்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி பரவியது. ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள், இவரும் கிளம்பினார். பனியிலும் மலையிலும் நடந்து போய், இரண்டு வருடம் போராடினார். கடைசியில் தங்கம் இருந்த ஒரு நிலம் அவர் கைக்கு வந்தது. ஆனால் இன்னொருவர் அதே நிலத்துக்கு உரிமை கோரினார். வழக்காடிக்கொண்டிருக்காமல் தன் பங்கை விற்றுவிட்டு, 13,000 டாலரோடு சியாட்டில் திரும்பினார். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

தங்கம் தேடிப் போனவர் எதற்குக் காலணி விற்க வந்தார்?

குளோண்டைக்கில் பழக்கமான கார்ல் வாலின்தான் காரணம். அவர் காலணி செய்யும் தொழிலாளி. சியாட்டிலில் ஒரு சின்னப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து 1901-ல் பைக் தெரு அருகே 'வாலின் & நார்ட்ஸ்ட்ராம்' என்ற கடையைத் திறந்தார்கள். முதல் நாள் விற்பனை 12 டாலர் 50 சென்ட்.

அந்த முதல் நாளைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. வாலின் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் ஒரு பெண் வந்து, கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்த ஒரு ஜோடியைக் கேட்டார். நார்ட்ஸ்ட்ராம் அதற்கு முன் வாழ்க்கையில் ஒரு பொருளைக்கூட விற்றதில்லை. உள்ளே பெட்டி பெட்டியாகத் தேடியும் அந்த மாதிரி கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் காட்சிக்கு வைத்திருந்ததையே எடுத்துக் கொடுத்தார். அது அவர் காலுக்குச் சரியாக இருந்தது, வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற பதற்றம் அந்தக் கதையில் இருக்கிறது. அதனால்தான் அந்தக் குடும்பம் அதை விடாமல் சொல்லி வருகிறது என்று நினைக்கிறேன்.

காலணி வியாபாரத்தில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் சாவி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சட்டையை வாடிக்கையாளரே எடுத்துப் பார்த்து, அளவு சரியாக இருந்தால் கல்லாவுக்கு எடுத்துப் போகலாம். அந்தக் காலத்துக் காலணிக் கடையில் அது முடியாது. வந்தவரை உட்கார வைக்க வேண்டும். விற்பனையாளர் எதிரில் ஒரு தாழ்வான முக்காலியில் அமர்ந்து, குனிந்து, அவர் காலைக் கையில் எடுக்க வேண்டும். குதிகாலில் இருந்து விரல் நுனி வரை நீளம், பாதத்தின் அகலம், வளைவு எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இடது காலும் வலது காலும் பலருக்கு ஒரே அளவில் இருக்காது. அளந்த பிறகு பின்கட்டுக்குப் போய்ப் பெட்டிகளைச் சுமந்து வர வேண்டும். கேட்டது ஒன்றாக இருந்தாலும் நல்ல விற்பனையாளர் மூன்று நான்கு பெட்டி கொண்டுவருவார். போட்டுவிட்டு, பெருவிரல் இருக்கும் இடத்தை அமுக்கிப் பார்த்து, நாலு எட்டு நடக்கச் சொல்ல வேண்டும். கடிக்கிறது என்றால் மறுபடி பின்கட்டு.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், பணிவு வேண்டும். பத்து இருபது நிமிடம் ஒரு மனிதரோடு பேசிக்கொண்டே இருக்கத் தெரிய வேண்டும். அவர் என்ன வேலை பார்க்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், எந்த விசேஷத்துக்கு வாங்குகிறார் என்று எல்லாம் தானாக வெளியே வரும். நார்ட்ஸ்ட்ராம் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் இளம் வயதிலேயே சரக்கறையில் பெட்டி அடுக்கி, அப்புறம் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் மேலே வந்தார்கள்.

அடுத்தது இருப்பு. ஒரே மாதிரிக்கு எத்தனை அளவு, எத்தனை அகலம், எத்தனை நிறம்! எல்லாவற்றையும் வாங்கி வைத்தால் பணம் சரக்கில் முடங்கும். வைக்காவிட்டால் வந்தவர் திரும்பிப் போவார். பெரும்பாலான கடைகள் அதிகம் விற்கும் நடு அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். நார்ட்ஸ்ட்ராம் துணிந்து எல்லா அளவும் வைத்தது. மிகச் சிறிய காலும் மிகப் பெரிய காலும் உடையவர்களுக்கு ஊரில் வேறு போக்கிடம் இல்லை; ஒருமுறை வந்தவர்கள் ஆயுளுக்கும் வந்தார்கள். இரண்டு கால்களுக்கும் அளவு வித்தியாசம் அதிகம் உள்ளவர்களுக்கு இரண்டு ஜோடிகளைப் பிரித்து, ஒரு ஜோடி விலைக்கே கொடுக்கும் வழக்கமும் இந்தக் கடையில் உண்டு. மிஞ்சிய இரண்டு ஒற்றைக் காலணிகளின் நஷ்டம் கடையுடையது. போலியோவோ விபத்தோ வந்து கால் மாறிப்போன ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பாவிடமிருந்து மகன்களுக்குக் கடை எப்படிப் போனது?

இலவசமாகப் போகவில்லை. ஜான் நார்ட்ஸ்ட்ராம் 1928-ல் ஓய்வு பெற்றபோது தன் பங்கை எவரெட், எல்மர் என்ற மகன்களுக்கு விற்றார். அடுத்த வருடம் வாலினும் தன் பங்கை அவர்களிடமே விற்றுவிட்டு ஒதுங்கினார். மூன்றாவது மகன் லாய்டு 1933-ல் சேர்ந்தார். இடையில் 1930-ல் கடைப் பெயர் நார்ட்ஸ்ட்ராம் என்று மட்டும் ஆனது.

காலத்தைக் கவனியுங்கள். 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்கா முழுக்க வேலையின்மை தலைவிரித்தாடிய வருடங்கள் அவை. மகன்கள் கடனும் பொறுப்புமாகத்தான் கடையை எடுத்து நடத்தினார்கள். அப்பா குறுக்கே நிற்கவில்லை. அதன் பிறகு முப்பது வருடங்களுக்கும் மேல் வாழ்ந்து, 1963-ல் தன் 92-வது வயதில் காலமானார். உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற அந்த முடிவை, அவர் போட்ட முதலீட்டைவிடப் பெரியதாக நான் மதிக்கிறேன். பிள்ளைகள் பணம் கொடுத்து வாங்கியதால் அது அவர்களுடைய கடையாகவும் ஆனது.

சகோதரர்கள் மூவரும் சேர்ந்தே நிர்வகித்தார்கள். 1960-ல் சியாட்டில் நகர மையக் கடை அமெரிக்காவின் மிகப் பெரிய காலணிக் கடையாக வளர்ந்திருந்தது. வாஷிங்டன், ஆரகன் மாநிலங்களில் மொத்தம் எட்டுக் கடைகள்.

துணிமணி எப்போது விற்க ஆரம்பித்தார்கள்?

1963-ல். சியாட்டிலைச் சேர்ந்த 'பெஸ்ட் அப்பேரல்' என்ற பெண்கள் ஆடை நிறுவனத்தை வாங்கினார்கள். 1966-ல் போர்ட்லாந்து நகரின் 'நிக்கலஸ் அங்கர்' என்ற ஆடைக் கடையும் சேர்ந்தது. சில வருடம் 'நார்ட்ஸ்ட்ராம் பெஸ்ட்' என்ற கூட்டுப் பெயர் இருந்தது. 1973-ல் மறுபடி நார்ட்ஸ்ட்ராம். அதே ஆண்டு விற்பனை 10 கோடி டாலரைத் தாண்டியது.

ஆடைக்குள் வந்தபோது அவர்கள் புது முறை எதையும் தேடிப் போகவில்லை. காலணியில் செய்ததையே துணியிலும் செய்தார்கள்: எல்லா அளவும் இருப்பில், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு விற்பனையாளர், விற்றதற்குக் கமிஷன். உயர்தர ஆடை விற்ற பல கடைகளில் அந்தக் காலத்தில் மிடுக்கும் அலட்சியமும் கலந்த ஒரு சூழல் இருந்தது. இங்கே வந்தவர்களுக்குக் காலணிக் கடையின் உபசாரம் கிடைத்தது. வெற்றிக்கான முதல் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு கட்டத்தில் கடையையே விற்றுவிட நினைத்தார்களாமே?

ஆமாம். 1960-களின் முடிவில் எவரெட், எல்மர், லாய்டு மூவருக்கும் வயதாகிவிட்டது. வெளியாருக்கு விற்றுவிடலாமா என்ற யோசனை நடந்தது. அப்போது அடுத்த தலைமுறை முன்வந்து, எங்களிடம் கொடுங்கள், நடத்திக் காட்டுகிறோம் என்று கேட்டது: எவரெட்டின் மகன் புரூஸ், எல்மரின் மகன்கள் ஜான், ஜேம்ஸ், லாய்டின் மருமகன் ஜாக் மெக்மில்லன், குடும்ப நண்பர் பாப் பெண்டர். 1968-ல் பொறுப்பு அவர்களிடம் வந்தது.

1971-ல் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. வளர்ச்சிக்கும், பெரியவர்களின் பங்குகளுக்கு ஒரு சந்தை விலை கிடைக்கவும் அது உதவியது. குடும்பம் பெரிய பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

இந்த மூன்றாம் தலைமுறையிலும் ஒரே ஒரு 'முதலாளி' கிடையாது. அண்ணன் தம்பிகளும் பங்காளிகளும் மாப்பிள்ளையும் பதவியைப் பகிர்ந்துகொண்டார்கள். மற்ற நிறுவனங்களில் இந்த ஏற்பாடு சண்டையில் முடிவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். இங்கே ஓடியதற்குக் காரணம், எல்லாரும் ஒரே சரக்கறையில் வேலை பழகியவர்கள். யாருக்கு என்ன வரும், என்ன வராது என்பது ஒருவருக்கொருவர் சிறு வயதிலிருந்தே தெரியும்.

கார் டயரைத் திருப்பி எடுத்துக்கொண்ட கதை உண்மையா?

உலகம் முழுக்க மேலாண்மை வகுப்புகளில் சொல்லப்படும் கதை இது. ஒருவர் நார்ட்ஸ்ட்ராம் கடைக்கு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டார். அந்தக் கடை டயரே விற்றதில்லை. இருந்தும் பணத்தைக் கொடுத்தார்கள் என்பார்கள்.

நடந்ததுதான். ஆனால் ஒரு முக்கியமான விவரம் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. 1975-ல் நார்ட்ஸ்ட்ராம் அலாஸ்காவில் 'நார்தர்ன் கமர்ஷியல்' என்ற நிறுவனத்தின் மூன்று கடைகளை வாங்கியது. அந்த நிறுவனம் டயர் உட்படச் சகலமும் விற்றது. ஃபேர்பேங்க்ஸ் ஊரில் இருந்த அந்த மனிதர், தான் டயர் வாங்கிய அதே கட்டடத்துக்குத்தான் வந்தார். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது. அவர் பார்வையில் அது நியாயமான கோரிக்கை. கல்லாவில் இருந்த ஊழியர், டயரின் விலையை விசாரித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காக்க வைக்கவில்லை.

விவரம் தெரிந்த பிறகு இந்தக் கதை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. 'டயரே விற்காத கடை' என்று சொன்னால் அது ஒரு வேடிக்கை. முழுதாகச் சொன்னால், ஒரு கடையை வாங்கும்போது அதன் வாடிக்கையாளர்களுக்குப் பழைய முதலாளி கொடுத்த வாக்கும் சேர்ந்தே வருகிறது என்று கீழ்மட்ட ஊழியர் வரை புரிந்துவைத்திருந்தார்கள் என்று தெரிகிறது.

விற்பனையாளர்களுக்கு அவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது?

நார்ட்ஸ்ட்ராம் தன் அமைப்பைத் தலைகீழ் பிரமிடாக வரைந்து காட்டும். உச்சியில் வாடிக்கையாளர். அதற்குக் கீழே விற்பனையாளர்கள். அவர்களுக்குக் கீழே பிரிவு மேலாளர்கள், கடை மேலாளர்கள். எல்லாருக்கும் கீழே இயக்குநர் குழு. பல வருடம் புது ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட விதிமுறை ஒரு சின்ன அட்டையில் அடங்கியது: எந்தச் சூழலிலும் உங்கள் நல்ல புத்தியைப் பயன்படுத்துங்கள், வேறு விதி இல்லை என்பதே அதன் சாரம்.

படம் வரைவது எளிது. அதைத் தரையில் நிற்க வைத்தது மூன்று நடைமுறைகள். கமிஷன் முறை 1950-களிலேயே வந்துவிட்டது; நன்றாக விற்பவர் நன்றாகச் சம்பாதித்தார். கொள்முதலும் நீண்ட காலம் தலைமையகத்தில் குவியாமல், அந்தந்தப் பகுதிக்கான ஆட்களிடம் இருந்தது. என்ன விற்கும் என்று தெரிந்தவர்கள், பெரும்பாலும் விற்பனைத் தளத்திலிருந்தே வளர்ந்தவர்கள், சரக்கை வாங்கினார்கள். மூன்றாவது, ஒவ்வொரு விற்பனையாளரும் வைத்திருந்த நோட்டுப் புத்தகம். அதில் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், அளவு, பிடித்த நிறம், பிடிக்காத துணி, மகளின் கல்யாணத் தேதி வரை இருக்கும். புதுச் சரக்கு வந்ததும் அந்த நோட்டைப் பார்த்து, உங்களுக்கு ஏற்றது ஒன்று வந்திருக்கிறது என்று கூப்பிடுவார்கள்.

இன்னொரு சின்னப் பழக்கம். பணம் வாங்கியதும் பையை மேசை மேல் தள்ளிவிட மாட்டார்கள். கல்லாவைச் சுற்றி வெளியே நடந்து வந்து, வாடிக்கையாளர் கையில் கொடுப்பார்கள். நாலு எட்டுதான். ஆனால் இடையில் மேசை இல்லாமல் ஒருவர் எதிரில் வந்து நின்று கொடுக்கும்போது, வாங்கியவருக்கு அந்தப் பொருள்மேல் வரும் மதிப்பே வேறு.

இந்த உபசாரத்தின் சுமை ஊழியர்கள் தலையில் விழவில்லையா?

விழுந்தது. நார்ட்ஸ்ட்ராமைப் புகழ்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது சரியில்லை.

கமிஷன் முறையில் ஒவ்வொருவரின் 'ஒரு மணி நேர விற்பனை' கணக்கிடப்பட்டுப் பட்டியலாக வெளியாகும். அந்த எண் குறைந்தால் நல்ல நேரங்களில் வேலை கிடைக்காது, வேலைக்கே ஆபத்து வரும். வாடிக்கையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது, பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, சரக்கு எண்ணுவது போன்ற வேலைகளில் விற்பனை இல்லை. அந்த நேரத்தை வேலை நேரமாகப் பதிந்தால் எண் இறங்கும். அதனால் பலர் பதியாமலே, சம்பளமில்லாமல் செய்தார்கள். சியாட்டில் தொழிற்சங்கம் இதை எதிர்த்தது. 1990-ல் வாஷிங்டன் மாநிலத் தொழிலாளர் துறை, சில வேலைகளுக்கு உரிய ஊதியம் தரவில்லை என்று நிறுவனத்துக்கு எதிராக முடிவு சொன்னது. பாக்கி ஊதியத்துக்கென்று நிறுவனம் 1.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டிவந்தது.

அடுத்த ஆண்டு, 1991-ல், ஊழியர்கள் வாக்களித்துச் சங்கத்தை விலக்கினார்கள். இந்த முறையில் நன்றாகச் சம்பாதித்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதை அது காட்டுகிறது. ஆனாலும் ஊதியமில்லாத உழைப்பு தவறுதான். நல்ல உபசாரத்தில் ஊழியரின் நேரத்துக்குக் கொடுக்கும் மரியாதையும் அடங்கும்.

'நார்ட்ஸ்ட்ராம் ரேக்' என்பது வேறு நிறுவனமா?

இல்லை, அதே வீடுதான். 1973-ல் சியாட்டில் கடையின் அடித்தளத்தில், விற்காமல் தங்கிய சரக்கைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அது தனிக் கிளையாக முளைத்து, பிற்பாடு எண்ணிக்கையில் தாய்க் கடையையே தாண்டிவிட்டது. இப்போது முழுக் கடைகள் நூற்றுக்கும் கீழே, ரேக் கடைகள் 250-க்கும் மேலே. மீந்த சரக்கு மட்டும் போதாமல், ரேக்குக்கென்றே தனியாகக் கொள்முதல் நடக்கிறது.

சியாட்டிலைத் தாண்டி நாடு முழுக்கப் பரவியது எப்படி?

அவசரப்படாமல். முதல் எழுபது சொச்சம் வருடம் நாட்டின் வடமேற்கு மூலையை விட்டே போகவில்லை. 1978-ல் கலிஃபோர்னியாவில், கோஸ்டா மேசாவின் சவுத் கோஸ்ட் பிளாசா வணிக வளாகத்தில் ஒரு கடை திறந்தார்கள். அந்த மாநிலத்தில் ஏற்கனவே பெயர்பெற்ற கடைகள் பல இருந்தன. புதிதாக வந்தவரின் உபசாரம் ஊர்ப்பேச்சானது. 1988-ல் சான் பிரான்சிஸ்கோவில், வளைந்து ஏறும் எஸ்கலேட்டர்களுக்குப் பெயர்போன ஒரு வணிக வளாகத்தின் மேல்தளங்களில் பிரமாண்டமான கடை. அதே வருடம் கிழக்குக் கரையில் முதல் காலடி, வர்ஜீனியாவின் டைசன்ஸ் கார்னரில். 1991-ல் சிகாகோவை ஒட்டிய ஓக் புரூக்.

புது ஊரில் கடை திறக்கும்போது பழைய கடைகளில் தேறிய மேலாளர்களை அங்கே அனுப்பினார்கள். அவர்கள் போய் உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். கட்டடத்துக்குப் பணம் சீக்கிரம் கிடைத்துவிடும், ஆட்கள் தேற நாளாகும். அதனால்தான் இந்த நிதானம்.

1998-ல் சியாட்டிலில் தலைமைக் கடை, பழைய 'ஃபிரெடரிக் & நெல்சன்' கட்டடத்துக்கு இடம் மாறியது. அது ஒரு காலத்தில் அந்த நகரத்தின் பெருமைமிக்க டிபார்ட்மென்ட் ஸ்டோர், 1992-ல் மூடப்பட்டது. காலணி விற்றுக்கொண்டிருந்த குடும்பம் அந்த மாளிகைக்குள் குடியேறியது.

கடைக்குள் பியானோ வாசிப்பார்களாமே?

பல கடைகளில் வாசித்தார்கள். நல்ல ஆடை உடுத்திய ஒருவர் எஸ்கலேட்டர் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பது நார்ட்ஸ்ட்ராமின் அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. பின்னாளில் பெரும்பாலான கடைகளில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கால்பந்து அணியும் வைத்திருந்தார்களா?

ஆமாம், அமெரிக்கக் கால்பந்து. 1976-ல் களமிறங்கிய சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் பெரும்பான்மைப் பங்கு இந்தக் குடும்பத்துடையது. அதற்காக முன்னின்று உழைத்த லாய்டு, அணி முதல் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே அந்த ஆண்டு ஜனவரியில் காலமானார். 1988-ல் அணியை விற்றுவிட்டார்கள்.

குடும்பத்துக்கு வெளியே யாரும் தலைமை வகிக்கவில்லையா?

வகித்தார்கள். 1995-ல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த ஆறு பேரை ஒரே நேரத்தில் இணைத் தலைவர்களாக உட்கார வைத்தார்கள். மூவருக்குப் பொருந்திய ஏற்பாடு ஆறு பேருக்குப் பொருந்தவில்லை. 1997-ல் ஜான் விட்டேக்கர் தலைமைக்கு வந்தார். குடும்பத்தவர் இல்லை என்றாலும், இவரும் இதே கடையின் காலணிப் பிரிவில் தொடங்கியவர்தான்.

அவர் காலத்தில், இளைஞர்களை இழுக்கக் கடையின் தோற்றத்தையும் விளம்பரத்தையும் அடியோடு மாற்றினார்கள். 2000-ல் வந்த 'உங்களைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள்' என்ற பாணி விளம்பரம், பல வருடமாக வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களை அந்நியப்படுத்திவிட்டது. லாபம் குறைந்தது. அதே ஆண்டு விட்டேக்கர் விலகினார். ஓய்வில் இருந்த புரூஸ் மறுபடி இயக்குநர் குழுத் தலைவராகத் திரும்பினார். அவர் மகன் பிளேக் நிறுவனத் தலைவரானார். தம்பிகள் பீட், எரிக் இருவரும் தோள் கொடுத்தார்கள்.

பிளேக் செய்த வேலை வெளியே தெரியாத வேலை. அதுவரை ஒரு கிளையில் என்ன சரக்கு இருக்கிறது என்று இன்னொரு கிளைக்குத் தெரியாது. தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அவர் கணினியில் ஓடும் இருப்புக் கணக்கைக் கொண்டுவந்தார். பிற்பாடு கடைகளின் இருப்பும் இணையக் கடையின் இருப்பும் ஒரே கணக்கில் வந்தன. நெவாடாவில் இருப்பவர் கேட்ட அளவு வர்ஜீனியாவில் ஒரு ஜோடி கிடந்தால், அது அவருக்குக் கிடைக்கும். எல்லாக் காலுக்கும் அளவு வைத்திருப்போம் என்ற பழைய வாக்கை, நாடு முழுக்கப் பரவிய பிறகும் காப்பாற்ற வழி செய்தவர் அவர். 2019 ஜனவரியில், 58 வயதில், புற்றுநோயால் காலமானார்.

சமீபத்தில் எங்கெல்லாம் சறுக்கினார்கள்?

கனடா பெரிய சறுக்கல். 2014-ல் கால்கரியில் முதல் கடை திறந்து, 2023-ல் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டு வெளியேறினார்கள். சுமார் 2,500 பேர் வேலை இழந்தார்கள். ஆடைகளைத் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் வீட்டுக்கு அனுப்பும் 'டிரங்க் கிளப்' நிறுவனத்தை 2014-ல் 35 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அதுவும் 2022-ல் மூடப்பட்டது. நியூயார்க்கில் பல வருடம் திட்டமிட்ட பிரமாண்டக் கடை 2019 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்து ஊரே அடங்கியது. 2020-ல் 16 முழுக் கடைகளை நிரந்தரமாக மூடினார்கள். 2023-ல் சான் பிரான்சிஸ்கோவின் அந்த வளைந்த எஸ்கலேட்டர் கடையும் மூடப்பட்டது.

இதேபோல் குடும்பங்கள் தொடங்கிய மற்ற கடைகள் என்ன ஆயின?

பெரும்பாலும் கை மாறிவிட்டன. 1907-ல் டல்லஸில் தொடங்கிய நீமன் மார்கஸை அந்தக் குடும்பம் 1969-ல் விற்றது. அதன் பிறகு பல உரிமையாளர்களைப் பார்த்துவிட்டது. சிகாகோவின் பெருமையான மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு 2006-ல் மேசிஸ் என்று பெயர் மாறியது. சிகாகோ மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் நடக்கவில்லை. மேற்குக் கரையில் உயர்தர ஆடைக்குப் பேர்போன ஐ. மேக்னின் 1990-களில் மறைந்தே போனது.

இவற்றை நடத்தியவர்கள் நார்ட்ஸ்ட்ராம்களைவிடத் திறமை குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடை பெரிய நிறுவனத்துக்குள் போனதும், கொள்முதல் தூரத்து அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. விற்பனைத் தளத்தில் நிற்பவரின் பேச்சு அங்கே எட்டுவதில்லை.

இப்போது நார்ட்ஸ்ட்ராம் யாருடையது?

2025 மே மாதத்திலிருந்து குடும்பத்துக்கு 50.1 சதவீதம், மெக்சிகோவின் 'எல் புவெர்ட்டோ தெ லிவர்பூல்' நிறுவனத்துக்கு 49.9 சதவீதம். பங்குச்சந்தையில் 54 வருடம் இருந்த நிறுவனம் அங்கிருந்து விலகிவிட்டது.

இதற்கு முன்பே ஒருமுறை முயன்றார்கள். 2018-ல் பங்குக்கு 50 டாலர் தருவதாகக் குடும்பம் முன்வந்தது. இயக்குநர் குழு அமைத்த தனிக் குழு அது போதாது என்று நிராகரித்தது. 2025-ல் முடிவான விலை பங்குக்கு 24 டாலர் 25 சென்ட். 2018-ல் விற்கக் காத்திருந்த சிறு முதலீட்டாளர்களுக்கு இது வலித்திருக்கும். இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்தும் ஒரே இடம் இதுதான். கடனையும் சேர்த்து மொத்த மதிப்பு சுமார் 625 கோடி டாலர்.

லிவர்பூல் நிறுவனம் தற்செயலாக வந்த கூட்டாளி இல்லை. 1847-ல் மெக்சிகோ நகரில் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய துணிக்கடை அது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகம் வழியாகச் சரக்கு வந்ததால் அந்தப் பெயர். அதுவும் தலைமுறைகளாகக் கடை நடத்தி வருகிறது. 2022-லேயே நார்ட்ஸ்ட்ராமில் சுமார் பத்து சதவீதப் பங்கை வாங்கி, மெல்லப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் வந்தது. சந்தையில் இருந்தவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்கு காட்டியாக வேண்டும். சரக்கு நிறைய வைப்பதும் கடைத் தளத்தில் ஆள் அதிகம் வைப்பதும் அந்தக் கணக்கில் செலவாகத்தான் தெரியும். இனி அந்த நெருக்கடி இல்லை. வாங்குவதற்காகப் பட்ட கடனின் வட்டி என்ற வேறொரு நெருக்கடி இருக்கிறது.

புரூஸ் இதைப் பார்க்க இல்லை. 2024 மே மாதம், 90 வயதில் காலமானார். அவர் மகன்கள் எரிக்கும் பீட்டும் சேர்ந்து இப்போது கடையை நடத்துகிறார்கள்.